படம் லேக்கா, நாம லேக்கா?

ஒரு படத்தைக் காலி பண்ண நம்ம கேம்பஸில் பெரிய விமர்சனம் எல்லாம் தேவையில்லை. ஒரே வார்த்தை போதும். லேக்.

"படம் எப்படி மச்சி?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா செகண்ட் ஆஃப் லேக்."

அவ்வளவுதான். கேட்டவன் டிக்கெட் ஆப்பை மூடிவிடுவான். ரூம்மேட்டிடம் "லேக்காம்டா" என்பான். ரூம்மேட் அதை கிளாஸ் குரூப்பில் போடுவான். சாயங்காலத்துக்குள் படமே பார்க்காத நாற்பது பேருக்கு அந்தப் படத்தைப் பற்றி உறுதியான கருத்து ஒன்று வந்திருக்கும்.

இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். ஆன்லைன் கேமில் நாம் தட்டியதற்கும் திரையில் அது நடப்பதற்கும் நடுவில் விழும் தாமதம். நெட்வொர்க்ஸ் பேப்பரில் லேட்டன்ஸி என்று படித்து, பதினாறு மார்க்குக்கு எழுதியும் இருப்போம். அந்தத் தாமதம் சர்வரில் இருக்கலாம், நடுவில் உள்ள லைனில் இருக்கலாம், நம்ம கையில் இருக்கும் போனிலும் இருக்கலாம். கேமில் லேக் அடித்தால் முதலில் நம்ம வைஃபையைத்தான் செக் பண்ணுகிறோம். படத்தில் லேக் அடித்தால் மட்டும் நேராக டைரக்டரைத் திட்டுகிறோம். இது என்ன நியாயம்?

கடந்த சில வருடங்களில் வந்த சில படங்களை வைத்து இதைக் கொஞ்சம் பேசலாம். டிராமா, டாக்குமெண்டரி, அனிமேஷன் என்று மூன்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறேன். கிளைமாக்ஸைச் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க.

பத்து அடி நடக்க ஒரு நிமிஷம்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மாஸ் படத்தில் ஹீரோ என்ட்ரி. கார் கதவு திறக்கிறது. ஷூ தரையில் படுகிறது. தூசி பறக்கிறது. கை, வாட்ச், கூலிங் கிளாஸ். அப்புறம் ஸ்லோமோஷனில் பத்து அடி நடக்கிறார். ஒரு நிமிஷம் ஓடிவிடும். இந்த ஒரு நிமிஷத்தில் கதையில் என்ன நடந்தது? ஒருத்தர் காரை விட்டு இறங்கினார். இதை யாராவது லேக் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? விசில்தான் அடிப்போம். நானும் அடிப்பேன், தொண்டை கட்டும் வரைக்கும்.

இப்போது 'கொட்டுக்காளி'யை எடுத்துக்குவோம். பி.எஸ். வினோத்ராஜ் இயக்கியது. 2024 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, ஆகஸ்டில் நம்ம ஊர் தியேட்டருக்கு வந்தது. மீனா (அன்னா பென்) வேறு ஒருவனை விரும்புகிறாள். வீட்டில் அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு பண்ணி, ஒரு சேவலையும் பிடித்துக்கொண்டு, ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கூட்டிப்போகிறார்கள். அவளைக் கட்டிக்கப்போகும் பாண்டி (சூரி), கட்டிப்போன தொண்டைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டு பைக்கில் கூடவே வருகிறான். இதுதான் மொத்தக் கதை. பின்னணி இசை கிடையாது. ஆட்டோ இரைச்சல், சேவல், காற்று, மனுஷங்க பேச்சு. அவ்வளவே.

வந்த வேகத்தில் நம்ம குரூப்களில் தீர்ப்பும் வந்துவிட்டது: "ஆட்டோ போகுது, போகுது, போய்ட்டே இருக்கு. செம்ம லேக்."

சரி, அந்த ஆட்டோ போகும் வழியில் என்ன நடக்கிறது என்று பாருங்க. எங்கோ ஒலிக்கும் ஒரு சினிமாப் பாட்டுக்கு மீனாவின் உதடு அசைகிறது. பாண்டி அதைப் பார்க்கிறான். அவனுக்குள் என்ன ஓடியது என்று யாரும் வசனம் பேசி விளக்கவில்லை. அடுத்த நிமிஷம் அவளை அடிக்கிறான், தடுக்க வந்தவர்களையும் சேர்த்து அடிக்கிறான். இன்னொரு இடத்தில் ரோட்டை மறித்து ஒரு காளை நிற்கிறது. கூட வந்த ஆம்பளைகள் எல்லாம் என்ன பண்ணுவது என்று முழிக்க, ஒரு சின்னப் பொண்ணு வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். இதெல்லாம் 'ஒன்றும் நடக்காத' காட்சிகளாம். காரிலிருந்து இறங்கியவர் மட்டும் ஏதோ நடத்திவிட்டாராம்.

வித்தியாசம் எங்கே என்று யோசித்தால் விடை ரொம்ப எளிது: பி.ஜி.எம். ஹீரோ நடக்கும்போது ட்ரம்ஸ் நம்மிடம் "இப்போ புல்லரிக்கணும்" என்று சொல்லித்தருகிறது. மீனாவைக் காட்டும்போது அப்படிச் சொல்லித்தர யாருமில்லை. அவளைப் பார்த்து நாமே தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வேலை நமக்குப் பழக்கமில்லை. என் கருத்து இதுதான்: நாம் லேக் என்று சொல்வதற்கும் கடிகாரத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. என்ன ஃபீல் பண்ணணும்னு யாரும் சொல்லாத நேரத்துக்குத்தான் நாம் அப்படிப் பெயர் வைத்திருக்கிறோம்.

இடைவெளியும் சிக்னல்தான்

பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' 2024 கான் விழாவில் கிராண்ட் ப்ரீ விருது வாங்கியது. ஷாஜி என். கருணின் 'ஸ்வாஹம்' 1994இல் போனதற்கு அப்புறம், முப்பது வருஷம் கழித்து கான் போட்டிப் பிரிவுக்குப் போன முதல் இந்தியப் படம் இதுதான். மும்பையில் நர்சாக வேலை பார்க்கும் பிரபா (கனி குஸ்ருதி) என்ற மலையாளி. கல்யாணமானதும் ஜெர்மனிக்குப் போன புருஷன், பேச்சுவார்த்தையே நின்றுபோய்விட்டது. ஒருநாள் பார்சலில் ஒரு ரைஸ் குக்கர் வருகிறது. அனுப்பியவர் பெயர் இல்லை. ஜெர்மனியில் செய்த குக்கர் என்பது மட்டும் தெரிகிறது.

ஒரு ராத்திரி பிரபா தரையில் உட்கார்ந்து அந்தக் குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். வசனம் இல்லை, அழுகை இல்லை. பத்து விநாடி ஸ்கிப் பட்டனை இரண்டு தடவை தட்டினால் இந்தக் காட்சி போய்விடும். கதை புரியுமா? தாராளமாகப் புரியும். ஆனால் பிரபா யார் என்று தெரியாமலே படம் முடிந்துவிடும்.

இ.சி.இ. மக்களுக்கு இதை வேறு மாதிரியும் சொல்லலாம். மோர்ஸ் கோடில் புள்ளிக்கும் கோட்டுக்கும் எவ்வளவு மதிப்போ, அவ்வளவு மதிப்பு இடைவெளிக்கும் உண்டு. புள்ளி ஒரு அலகு என்றால் எழுத்துக்கு எழுத்து மூன்று அலகு இடைவெளி, வார்த்தைக்கு வார்த்தை ஏழு. ஆங்கில எழுத்து ஈ-க்கு ஒரு புள்ளி, டி-க்கு ஒரு கோடு. நடுவில் இருக்கும் இடைவெளியை 'வேஸ்ட்' என்று தூக்கிவிட்டால் ஈயும் டியும் போய் ஏ என்று வந்து நிற்கும். நேரம் மிச்சம்தான், செய்தி வேற. 1.5 மடங்கு வேகத்தில் படம் பார்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். என்.பி.டி.இ.எல். லெக்சருக்கு அந்த வேகம் ஓகே. அங்கே யாரும் குக்கரைக் கட்டிப்பிடிப்பதில்லை.

ஒரே வருஷம், இரண்டு டாக்குமெண்டரி

2023 ஆஸ்கர் விழாவில் குறும் ஆவணப்பட விருதை வாங்கியது 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்'. கார்த்திகி கொன்சால்வஸ் இயக்கியது. முதுமலை, தெப்பக்காடு, பொம்மன், பெள்ளி, ரகு என்ற யானைக்குட்டி. தமிழ்நாட்டில் இதைத் தெரியாதவர் குறைவு. அதே விழாவில் முழுநீள ஆவணப்படப் பிரிவில் போட்டியிட்டு, பரிசு வாங்காமல் திரும்பியது ஷௌனக் சென்னின் 'ஆல் தட் பிரீத்ஸ்'. அதைப் பார்த்தவர்களை நம்ம காலேஜில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எலிஃபன்ட் விஸ்பரர்ஸ் அழகான படம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ரகு திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் இசை முன்னாடியே வந்து நம்ம தோளைத் தட்டுகிறது. 41 நிமிஷமும் எங்கே சிரிக்கணும், எங்கே கண்ணைத் துடைக்கணும் என்று தெளிவான வழிகாட்டிப் பலகைகள். பார்த்து முடித்ததும் மனசு லேசாகிவிடும். மறுநாள் நினைவில் நிற்பது என்ன என்று கேட்டால், எனக்குக் குட்டியின் முகம் மட்டும்தான்.

ஆல் தட் பிரீத்ஸ் வேற ரகம். டெல்லியில் நதீம், சௌத் என்று இரண்டு அண்ணன் தம்பி. சோப் டிஸ்பென்சர் செய்து பிழைக்கும் குடும்பம். அதே பேஸ்மென்ட்டில், அடிபட்டு விழும் பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். பருந்துகளின் இறக்கையை அறுப்பதில் பெரும்பங்கு பட்டம் விடும் மாஞ்சா நூலுக்கு. சென்னைக்காரர்களுக்கு அந்த வார்த்தையைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. பைக்கில் போகிறவர்களின் கழுத்தை அறுத்த அதே நூல்தான்.

படம் ஆரம்பிப்பதே ராத்திரியில், தரையோடு தரையாக மெதுவாக நகரும் கேமராவில். குப்பைமேட்டில் எலிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. நம்ம ஆட்களுக்கு அங்கேயே கை துறுதுறுக்கும். ஆனால் அந்த ஷாட்டை முழுசாகப் பார்த்தவனுக்கு ஒரு விஷயம் கண்ணில் பதிந்துவிடும்: இந்த ஊர் மனுஷனுக்கு மட்டும் சொந்தமில்லை. படம் முழுக்க அந்தப் பார்வை கூடவே வரும். ஒரு இடத்தில் இவர்களின் உதவியாளர் சாலிக் மொட்டை மாடியில் நிற்கும்போது ஒரு பருந்து வந்து அவர் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். இன்னொரு இடத்தில் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு அணில் எட்டிப்பார்க்கும். எழுதி வைத்து எடுக்க முடியாத காட்சிகள் இவை. கேமராவை வைத்துவிட்டுக் காத்திருந்தால்தான் கிடைக்கும். 2020 டெல்லிக் கலவரம் பற்றிக்கூட உட்கார வைத்துப் பேட்டி எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கேட்கும் சத்தமாக, வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் நடக்கும் பேச்சாக அது வருகிறது. அந்தக் குடும்பத்தின் பயம், காது கொடுத்தவனுக்குக் கேட்கும். சன்டான்ஸிலும் கானிலும் ஆவணப்படத்துக்கான பெரிய விருதுகளை வாங்கிய படம், நமக்கு "எலி ஓடுது, லேக்."

வசனமே இல்லாத பூனை

"அண்ணே, இதெல்லாம் பெரியவங்க பார்க்குற படம்" என்று ஜூனியர் யாராவது சொன்னால், அவனுக்கு 'ஃப்ளோ' காட்டுங்க. லாட்வியா நாட்டின் கிண்ட்ஸ் ஸில்பலோடிஸ் இயக்கிய அனிமேஷன் படம். வெள்ளம் வந்து உலகமே முழுகுகிறது. ஒரு பூனை, ஒரு கேப்பிபாரா, ஒரு நாய், ஒரு லெமூர், ஒரு பெரிய பறவை எல்லாம் ஒரே படகில். மனுஷன் இல்லை. 85 நிமிஷத்தில் ஒரு வார்த்தை வசனம் இல்லை. பூனை பேசாது, பூனையாகவே இருக்கும். மிருகங்களின் குரல் எல்லாம் உண்மையான மிருகங்களுடையது. கேப்பிபாராவுக்கு மட்டும் அதன் சொந்தக் குரல் கேரக்டருக்குச் செட் ஆகாமல், ஒட்டகக் குட்டியின் குரலைப் போட்டிருக்கிறார்கள்.

2025 ஆஸ்கரில் 'இன்சைட் அவுட் 2', 'தி வைல்ட் ரோபோட்' போன்ற பெரிய படங்களைத் தள்ளிவிட்டு இது ஜெயித்தது. லாட்வியாவுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர். பட்ஜெட் சுமார் 35 லட்சம் யூரோ. ஹாலிவுட் அனிமேஷன் கணக்கில் அது சில்லறை. செய்த சாஃப்ட்வேர் பிளெண்டர், இலவசம், இன்னைக்கே டவுன்லோடு பண்ணலாம். இதற்கு முந்தைய படமான 'அவே'யை (2019) ஸில்பலோடிஸ் ஒரே ஆளாக, இசை உட்பட எல்லாம் தானே செய்து முடித்தார். நம்ம காலேஜ் லேப்டாப்களில் பிளெண்டர் வைத்திருப்பவர்கள் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளவும்.

ஃப்ளோவில் பல ஷாட்கள் வெட்டாமல் நீளமாக ஓடும். பூனை எங்கே பார்க்கிறதோ அங்கே கேமராவும் போகும். காது மடங்குகிறதா, வால் நிமிர்கிறதா, தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குழந்தைகள் இதை அசையாமல் பார்க்கிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பையன் பார்த்துப் புரிந்துகொள்கிறான், எட்டு செமஸ்டர் படிக்கிற நமக்கு 'பொறுமை இல்லை' என்றால் குறை எங்கே இருக்கிறது?

ரிசீவரைக் கொஞ்சம் செக் பண்ணுவோம்

பாதிப் பிரச்சினை சுத்தமான ஹார்டுவேர் பிரச்சினை. ஜொனாதன் கிளேசரின் 'தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' (2023) பார்த்திருக்கிறீர்களா? சுமார் 11 லட்சம் பேர் கொல்லப்பட்ட ஆஷ்விட்ஸ் நாஜி முகாமின் சுவரை ஒட்டி, அதன் கமாண்டன்ட் குடும்பம் வாழும் வீடு. திரையில் தெரிவது தோட்டம், பூ, நீச்சல் தொட்டி, பிள்ளைகள். முகாமுக்குள் நடக்கும் எதையும் கேமரா காட்டாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து சத்தம் மட்டும் வரும். துப்பாக்கி, நாய், அலறல், எல்லாவற்றுக்கும் அடியில் ஓயாமல் ஒரு உறுமல். சிறந்த ஒலிக்கான ஆஸ்கர் இதற்குத்தான் கிடைத்தது.

இந்தப் படத்தைப் போன் ஸ்பீக்கரில் பார்த்தால் என்ன ஆகும்? அந்தச் சின்ன ஸ்பீக்கரால் தாழ்ந்த அதிர்வெண்களைச் சரியாகக் கொடுக்கவே முடியாது. அந்த உறுமல் காணாமல் போகும். மிஞ்சுவது ஒரு குடும்பம் தோட்டத்தில் டீ குடிக்கும் படம். அப்புறம் "ஒண்ணுமே நடக்கலயே பாஸ்" என்றால், நடந்ததை உங்க போன் உங்களுக்குக் கொடுக்கவே இல்லை என்று அர்த்தம். நடுவில் நாலு வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷன் வேற.

அப்போ மெதுவான படம் எல்லாம் நல்ல படமா?

கிடையவே கிடையாது. விழாவுக்கு அனுப்புவதற்காகவே சுவரையும் சீலிங் ஃபேனையும் மூன்று நிமிஷம் காட்டி, "வாழ்க்கையின் வெறுமை ப்ரோ" என்று கதைவிடும் படங்களும் இருக்கின்றன. ஷார்ட் ஃபிலிம் போட்டிகளில் நாமே நிறைய பார்த்திருக்கிறோம். அங்கே லேக் என்ற வார்த்தையைத் தாராளமாகப் பயன்படுத்துங்க.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். காட்சி ஆரம்பிக்கும்போது அந்த ஆளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட, முடியும்போது கூடுதலாக ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் அது அஞ்சு நிமிஷம் ஓடினாலும் லேக் இல்லை. தெரியாவிட்டால், ட்ரம்ஸ் எவ்வளவு அதிர்ந்தாலும் அது லேக்தான். இந்த அளவுகோலில் பல ஹீரோ என்ட்ரிகள் ஃபெயில், ஆட்டோ பாஸ்.

இன்னொரு நியாயமான எதிர்ப்பும் உண்டு. இன்டர்னல், ரெக்கார்டு நோட், பிளேஸ்மென்ட் கோச்சிங் எல்லாம் முடித்து ராத்திரி பத்தரைக்கு ரூமுக்கு வருகிறவன் ஜாலியாக ஒரு படம் பார்க்க நினைப்பதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. அன்றைக்கு மாஸ் படம்தான் சரி. எல்லா நாளும் பிரியாணியும் சாப்பிட முடியாது, எல்லா நாளும் ரசம் சாதமும் சாப்பிட முடியாது. ரசத்தைக் குடித்துவிட்டு "இதுல லெக் பீஸ் இல்ல" என்று ரிவ்யூ போடாதீங்க என்றுதான் சொல்கிறேன்.

ஏனென்றால் அந்த ரிவ்யூவுக்கு விலை இருக்கிறது. வினோத்ராஜின் முதல் படமான 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. அந்த வருஷம் இந்தியாவின் ஆஸ்கர் பரிந்துரையும் அதுதான். ஆனால் அது நம்மிடம் வந்தது 2023இல், நேராக ஓ.டி.டி.யில். தியேட்டரில் முதல் மூன்று நாள் கூட்டம் என்பதே பெரும்பாலும் நம்ம வயசுக்காரர்கள்தான். நாம் ஒரு வார்த்தையில் தள்ளிவிடுகிற படத்துக்கு எந்தத் தியேட்டர்காரர் அடுத்த தடவை ஸ்கிரீன் கொடுப்பார்? மதுரைப் பக்கத்து வெயிலையும் பேச்சையும் அப்படியே எடுக்கத் தெரிந்த ஒரு ஆளை, பார்ப்பதற்கு நாமே இல்லாமல் பண்ணிவிடக் கூடாது.

சினிமாவைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. கொட்டுக்காளியில் மீனா கிட்டத்தட்ட பேசுவதே இல்லை. அவளைச் சுற்றி இருக்கும் எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவள் ஏன் பேசவில்லை என்று ஒருத்தரும் உட்கார்ந்து கேட்கவில்லை. அந்த மௌனத்தோடு பத்து நிமிஷம் இருக்க முடியாமல், அதற்கு 'பேய்' என்று ஒரு பெயர் வைத்து, ஓட்டுவதற்கு ஆளைத் தேடிப் போகிறார்கள். தியேட்டரில் நாமும் அதே மௌனத்தைத்தான் பார்த்தோம். நாம் வைத்த பெயர் லேக்.

நம்ம விங்கிலேயே இரண்டு வாரமாகச் சரியாகப் பேசாத ஒருத்தன் இருப்பான். மெஸ்ஸுக்குத் தனியாகப் போவான். "என்னடா ஆச்சு" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பான். அடுத்த வார்த்தை வரும்வரை அவன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? நல்ல படங்கள் ஆளைத் திருத்திவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் இந்தச் சும்மா உட்கார்ந்திருப்பது ஒரு பழக்கம், அதைப் படத்திலும் பழகலாம் என்பதை நம்புகிறேன்.

அதனால் இந்த செமஸ்டர் லீவுக்கு ஒரு சின்ன வேலை. மேலே சொன்னதில் ஏதாவது ஒரு படம். ராத்திரி, ஹெட்போன், போன் ஏரோப்ளேன் மோடில். ஸ்கிப் கிடையாது, ஸ்பீடு ஒன்று. ஆரம்பிக்க ஃப்ளோ வசதி. சப்டைட்டில் கவலையே இல்லை, தம்பி தங்கச்சியையும் கூட உட்கார வைத்துக்கொள்ளலாம். பார்த்துவிட்டு அப்பவும் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக வந்து திட்டுங்க, டீ நான் வாங்கித் தருகிறேன். லேக் என்ற வார்த்தை மட்டும் இல்லாமல் திட்டணும். அதுதான் கண்டிஷன்.